பண்டிதர் கையும் சபையின் செவியும்

கி.பி. 386ஆம் ஆண்டில் பெத்லகேமுக்கு வந்து குடியேறி, அங்கே ஒரு மடத்தை அமைத்துக்கொண்டு, யூதருடைய வேதநூல்களை எபிரேய மூலத்திலிருந்து நேரே இலத்தீனில் பெயர்க்கும் காரியத்தில் தம் பிற்கால வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஜெரோம் முனிவருக்கு, பரானினா என்ற யூத ஆசிரியர் ஒருவர் வாய்த்திருந்தார். அந்நிய மதத்தானுக்கு வேதபாஷையைக் கற்பிப்பதைத் தம்மவர் அறிந்தால் என்ன விபரீதம் நேருமோ என்று அஞ்சி அவர் இராக்காலத்தில்தான் வந்து பாடம் சொல்லிச் சென்றார் என்றும், அதற்காகத் தாம் பட்ட சிரமமும் செய்த செலவும் கொஞ்சமன்று என்றும் ஜெரோம் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேற்கு ஐரோப்பா முழுவதும் ஓதிவந்த இலத்தீன் வேதாகமத்துக்கு இந்த இரவு வாத்தியாரும் ஒரு காரணகர்த்தர். சரித்திரம் அவருக்கு அளித்த இடமோ அந்தக் கடிதத்தின் ஓரிரண்டு வரிகளே.

வேதாகம மொழிபெயர்ப்பின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எந்த நூற்றாண்டிலும் எந்தத் தேசத்திலும் அது ஒருவர் செய்த காரியமாக இருந்ததில்லை என்ற எண்ணமே என்னுள் வலுப்பட்டு வருகிறது. மூலபாஷையை அறிந்தவர் ஒருவர், பெயர்க்கப்படும் பாஷையை உயிராகப் பெற்றவர் ஒருவர் என்று இருவர் கூடாமல் அது நடைபெறுவது அபூர்வம். அப்படிக் கூடி முடித்த பிறகும், அதை ஏற்பதோ தள்ளுவதோ அவ்விருவர் கையிலும் இல்லை. கோயிலில் உட்கார்ந்து காதால் கேட்கும் ஜனங்களின் பழக்கத்தில் இருக்கிறது. முதலாமவருடைய பெயர் புத்தகத்தின் முகப்பில் நிற்கிறது. இரண்டாமவர் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஜனங்களுக்கோ பெயரே இல்லை; ஆனால் தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் அவர்களே.

அந்தத் தீர்ப்பின் கடுமையை ஜெரோம் தம் ஆயுட்காலத்திலேயே அனுபவித்தார். இன்று லிபியாவின் தலைநகரான திரிபோலி அக்காலத்தில் ஓயா என்னும் பெயரோடு விளங்கிய நகரம். அங்கிருந்த ஒரு மேற்றிராணியார், யோனா தீர்க்கதரிசியின் நூலை ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பிலிருந்து சபையில் வாசிப்பித்தார். யோனாவின் தலைக்கு மேல் படர்ந்து நிழல் தந்த செடியைத் தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்றே கேட்டுப் பழகியிருந்த மக்கள், அதற்குப் பதிலாக வேறொரு கொடியின் பெயர் செவியில் விழுந்ததும் பெருங்கூச்சல் எழுப்பினார்கள். சபையே தம்மைக் கைவிட்டுப் போய்விடும் என்று கண்ட மேற்றிராணியார் பழைய பாடத்துக்கே திரும்ப நேர்ந்தது. இதை ஜெரோமுக்கு எழுதித் தெரிவித்தவர் வேறு யாருமல்லர், மகாபண்டிதரான அகுஸ்தீனே. எழுதியதோடு, இத்தகைய புதுமை தேவைதானா என்ற தம் சந்தேகத்தையும் மறைக்காமல் சேர்த்தெழுதினார். ஒரு செடிக்காகக் கலகம் செய்தவர்கள் என்று அந்த ஜனங்களை நாம் பரிகசிப்பது எளிது. மனப்பாடமாகிவிட்ட பாட்டில் ஒரு சீரை ஒருவர் மாற்றிப் பாடினால் நமக்கு உண்டாகும் சங்கடத்தை எண்ணிப் பார்த்தால் பரிகாசம் அடங்கிவிடும்.

சங்கீதப் புத்தகத்தின் கதை இன்னும் விசேஷமானது. எபிரேயத்திலிருந்து ஜெரோம் புதிதாகப் பெயர்த்த சங்கீதங்கள் மூலத்துக்கு நெருங்கியவை. இருந்தும் இலத்தீன் வேதாகமத்தில் இடம்பெற்று நிலைத்தவை, கிரேக்கத்தை ஒட்டி அவர் முன்பு திருத்திக் கொடுத்த பழைய சங்கீதங்களே. காரணம், துறவிகள் அவற்றைப் பாடிப் பழகிவிட்டார்கள் என்பதுதான். இங்கிலாந்திலும் இதே விந்தை நடந்தது. 1611இல் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவில் பெரும் பண்டிதர் கூட்டம் ஒன்று உழைத்து முடித்த வேதாகமம் வெளிவந்து அரை நூற்றாண்டு கழிந்து, 1662இல் ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகம் திருத்தப்பட்டபோது, சங்கீதங்கள் மட்டும் அதற்கும் பல்லாண்டு முந்திய கவர்டேலின் மொழிபெயர்ப்பிலேயே விடப்பட்டன. பாடுகிறவன் வாய் எளிதில் திரும்பாது.

இரண்டாமவரைப் பற்றிய மறதியும் மிகப் பழையதே. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் யூதருடைய நியாயப்பிரமாண நூல்கள் கிரேக்கமானபோது, அதை நிறைவேற்றியவர் எழுபத்திரண்டு மூப்பர்கள் என்றும், அவர்கள் தனித்தனி அறைகளில் இருந்து எழுதியும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒரே பாடம் அமைந்தது என்றும் பிற்காலத்தில் ஐதிகம் வளர்ந்தது. மொழிபெயர்ப்பில் மனிதனுடைய கையே படவில்லை என்று காட்டுவதில் பக்தர்களுக்கு ஓர் ஆசை உண்டு. வாதப் பிரதிவாதங்களும், அடித்தல் திருத்தல்களும், ஒருவர் மற்றவரைக் கேட்டுத் தெளிந்ததும் நூலின் மகிமைக்குக் குறைவு என்று அவர்கள் கருதினார்கள் போலும். லூத்தர் அப்படிக் கருதியவரல்லர். ஆட்டின் உள்ளுறுப்புகளுக்கு ஜெர்மன் ஜனங்கள் வழங்கும் பெயர்களை அறிய, ஒரு கசாப்புக்காரரை ஆடறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். அந்தக் கசாப்புக்காரரும் லேவியராகமத்தின் மொழிபெயர்ப்பாளரில் ஒருவரே என்று நான் துணிந்து சொல்லுவேன். தனியாக நின்று உழைத்த டிண்டேலோ, 1526இல் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டதன் பலனாக, பத்தாண்டு கழித்துப் பிரஸ்ஸல்ஸுக்கு அருகே கழுத்து நெரிக்கப்பட்டு எரியுண்டார். ஜேம்ஸ் மன்னரின் புலவர்கள் அவருடைய வாக்கியங்களை ஏராளமாக எடுத்துக்கொண்டார்கள்.

இவையெல்லாம் தூரதேசத்து விருத்தாந்தங்கள். இந்த உண்மை முழு வடிவத்தோடு நம் கண்ணுக்குத் தெரிவது தமிழ் வேதாகமத்தின் வரலாற்றிலேதான். அந்த வரலாற்றின் நடுநாயகமாக, கிறிஸ்தவராகாத ஒரு சைவர் நிற்கிறார்.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் தேதி டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மன் இளைஞருக்கு அப்போது இருபத்து நான்கு வயதும் நிறையவில்லை. வயோதிகரான ஒரு திண்ணைப் பள்ளிக்கூட உபாத்தியாயரைத் தேடிப் பிடித்து, சிறு பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் எழுத்துக் கூட்டி அவர் தமிழ் கற்றார். போர்த்துகீசு முதலிய ஐரோப்பிய பாஷைகள் தெரிந்த அழகப்பன் என்னும் துபாஷி அவருக்கு வாயாகவும் காதாகவும் இருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் படித்து, அவற்றுக்கு ஒரு ஜாபிதாவும் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியவர், அடுத்த மாதமே கோட்டைத் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி, நான்கு மாதம் டேன்ஸ்பார்க் கோட்டையில் சிறையிருந்தார். வெளிவந்து 1711 மார்ச்சில் முடித்தார்.

அச்சேற்றிய கதையைத் தனிப் புராணமாகவே எழுதலாம். லண்டன் சங்கத்தார் அனுப்பிய அச்சு யந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் கரையில் பிடித்துக்கொண்டார்கள். யந்திரம் மீண்டு வந்தது, கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே மாண்டுபோனார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் அளவில் பெரியவையாக இருந்தபடியால் காகிதத்தை விழுங்கின. ஆகவே பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள்; காகிதம் போதாமல் அதற்கும் ஒரு பட்டறை வைத்தார்கள்; அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயரும் ஏற்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தையும் உருக்கி எழுத்தாக வார்த்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் எஞ்சிய பகுதியும் வெளிவந்தன. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை வந்திருந்தபோது, 1719இல், முப்பத்தாறே வயதில் சீகன்பால்கு இறந்துபோனார். சூல்ச்சு என்பவர் தொடர்ந்து முடித்து 1728க்குள் அச்சிட்டார். இந்தியப் பாஷைகளுள் முழு வேதாகமமும் முதன்முதலாக அச்சேறியது தமிழில்தான்.

அந்தத் தமிழ் எப்படி இருந்தது? கடற்கரை ஊர்களில் கேட்ட பேச்சையும் ஏடுகளில் கண்ட சொற்களையும் ஒரு ஜெர்மானியர் தம் மனத்தில் கலந்து வடித்த தமிழ் அது. வீரமாமுனிவர் தம் கண்டன நூல்களில் அதை இரக்கமின்றி எள்ளினார். தேம்பாவணியைப் பாடிய கவிக்கு அந்த உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட விருத்தங்களைப் பொழிந்த அந்த மேதை, உரைநடையில் ஒரு சுவிசேஷத்தையாவது பெயர்த்துத் தந்திருந்தால் தமிழ் வசனத்தின் சரித்திரமே மாறியிருக்குமே என்று நமக்கு ஏக்கம் உண்டாகிறது. எள்ளல் ஒரு புறம் இருக்க, உழைப்பு மறுபுறம் இருந்துவிட்டது.

இடையே கொழும்பில் நிகழ்ந்த ஒன்றை விட்டுவிடக் கூடாது. பிலிப் த மெல்லோ என்ற தமிழர், டச்சுக்காரருடைய கலாசாலையில் எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் கற்றுக் குருப்பட்டம் பெற்று, 1759இல் புதிய ஏற்பாட்டைத் தாமே தமிழாக்கி வெளியிட்டார். மூலபாஷையை அறிந்தவரும் தாய்மொழியாகத் தமிழைப் பெற்றவரும் ஒரே ஆளாக இருந்த அருமையான சந்தர்ப்பம் அது. டச்சு ஆட்சியோடு அவருடைய புத்தகமும் வழக்கிலிருந்து போய்விட்டது. புலமை இருந்து சபை இல்லாமற்போனால் இப்படித்தான்.

சபை அமைந்தவர் பப்ரீசியுஸ். 1740இல் இந்நாட்டுக்கு வந்து சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்த இவருக்கு, 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சு யந்திரம் ஒன்று கிடைத்தது. அதைக்கொண்டு 1772இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பழைய ஏற்பாட்டையும் பெயர்த்தார். அகராதி ஒன்றும் தொகுத்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழில் தந்தவரும் இவரே. வாய்விட்டுப் படிக்கும்போது ஒரு வாக்கியம் எங்கே மூச்சு வாங்கும், எங்கே இறங்கும் என்பதை இவருடைய செவி அறிந்திருந்ததற்கு அந்தப் பாட்டுப் பயிற்சியே காரணம் என்பது என் அபிப்பிராயம். முதுமையில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கடன் கொடுத்து ஏமாந்து, சிறையும் கண்டு, 1791இல் காலமானார். லுத்தரன் சபையார் அவருடைய பாடத்தைப் பொன்னான மொழிபெயர்ப்பு என்று போற்றி, பிறர் எத்தனை திருத்தம் கொண்டுவந்தும் கைவிட மறுத்தார்கள். அடுத்து வந்த இரேனியுஸ், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விட்டுப் பொருள் விளங்கப் பெயர்க்கவேண்டும் என்று 1827இல் ஒரு நிபந்தமே எழுதி, திருப்பாற்கடல்நாதக் கவிராயரிடம் கற்ற தமிழின் தெளிவோடு புதிய ஏற்பாட்டைத் திருத்தினார். படித்தவர்கள் பாராட்டினார்கள், பழகியவர்கள் அசையவில்லை.

இந்த நிலையிலேதான் யாழ்ப்பாணத்தில் ஓர் அற்புதமான கூட்டுறவு நேர்ந்தது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார், தம் பாடசாலையிலேயே படித்து அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்த நல்லூர் ஆறுமுகம் என்னும் வாலிபரை, தமக்குத் தமிழ்ப் பண்டிதராக வைத்துக்கொண்டு 1841 முதல் வேதாகமத்தை மறுபடி தமிழாக்கத் தொடங்கினார். ஆறுமுகத்துக்கு அப்போது வயது பத்தொன்பது. நெற்றியில் திருநீற்றோடு வந்து உட்கார்ந்து, மோசேயின் ஆகமங்களையும் தீர்க்கதரிசிகளின் ஆவேச வாக்கியங்களையும் ஒவ்வொரு தொடராக நிறுத்தி, பாதிரியாரோடு வாதித்து, இலக்கண வழுவின்றித் தமிழாக அமைப்பதில் அவர் ஏறக்குறைய ஏழாண்டு செலவிட்டார். மொழிபெயர்ப்பு சென்னையில் பரிசோதனைக்கு வந்தபோது, வித்துவான் மழவை மகாலிங்கையர் அதைப் படித்துப் பார்த்து நடை உத்தமமானது என்று சான்று கூறினார் என்று ஆறுமுகத்தின் சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுவார்கள். 1850இல் அது அச்சாயிற்று.

அதற்குள் ஆறுமுகம் பேர்சிவலை விட்டு நீங்கிவிட்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. 1854இல் சைவதூஷண பரிகாரம் என்ற கண்டன நூலை வெளியிட்டார். மிஷனரிமார் சைவத்தின் கிரியைகளைப் பழித்ததற்கு, யெகோவாவின் ஆலயத்திலும் தீபமும் தூபமும் பலியும் சுத்தி விதிகளும் இருந்தனவே என்று பழைய ஏற்பாட்டிலிருந்தே மேற்கோள் காட்டி அவர் மறுமொழி சொன்னபோது, அந்த மேற்கோள்களை அவருக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. வேதாகமத்தை அவ்வளவு ஊன்றிப் படித்த கிறிஸ்தவர் அக்காலத்துத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பர்! அவரைத் துரோகி என்று பேர்சிவல் கருதியதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் சென்னைக்கு வந்து ராஜதானிக் கலாசாலையில் ஆசிரியராகி, தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்தி, தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த அந்தப் பாதிரியார், தமிழில் தமக்கு உண்டான பற்றுக்கு யாழ்ப்பாணத்துப் பண்டிதருக்குக் கடமைப்பட்டவர் என்றே நான் எண்ணுகிறேன்.

நாவலரின் கை தோய்ந்த அந்த மொழிபெயர்ப்பைச் சென்னையிலும் திருநெல்வேலியிலும் இருந்த மிஷனரிமார் ஏற்கவில்லை. வடசொல் மிகுதி, நடை உயர்வு, மூலத்தை விட்டு விலகும் சுதந்தரம் என்று குற்றம் சொன்னார்கள். குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை. பனையேறியும் வயலில் உழைத்தும் வந்த ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்கவேண்டிய நூல் அது. வித்துவான் சபையில் அரங்கேறவேண்டியதன்று. எனினும் அவர்கள் நிராகரித்ததற்கு மெய்யான காரணம், பப்ரீசியுஸின் ஓசை எல்லார் காதிலும் ஏற்கெனவே குடியேறியிருந்ததுதான். ஆகவே 1857இல் ஹென்றி பவரைத் தலைமையாகக் கொண்டு திருத்தம் தொடங்கியபோது, அவர்கள் பப்ரீசியுஸையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தாரும் சென்னையாரும் ஒன்றுபட்டுச் சம்மதித்ததால் ஐக்கிய மொழிபெயர்ப்பு எனப்பட்ட அந்தப் பாடம் 1871இல் முழுமையாக வெளிவந்தது.

பவருக்குத் துணையாக இருந்த பண்டிதர் முத்தையா பிள்ளை. இவருடைய பெயர் நமக்கு நினைவிருக்கவேண்டியது வேறொரு காரணத்தாலும். சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1868இல் பவர் அச்சிட்டபோதும் உடனிருந்து உழைத்தவர் இவரே. சாமிநாதையர் சிந்தாமணி முழுவதையும் பதிப்பித்தது 1887இல். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பகலில் ஏசாயாவையும் எரேமியாவையும் திருத்திய இருவர் திருத்தக்கதேவரையும் ஏட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். வேதாகமத் தமிழைப் பாதிரித் தமிழ் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் இந்த உண்மையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். பவரின் நடை பண்டிதர் நடையுமன்று, வீதியில் பேசும் தமிழுமன்று. சபைக்கென்று தனியாக விளைந்த ஒரு தமிழ். வாக்கியம் சில இடங்களில் இடறும், வினைமுற்று எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். ஆயினும் துக்க வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஒன்றரை நூற்றாண்டாக வாசிக்கப்பட்டு, வாசித்தவர்களின் குரலே அதில் படிந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் லார்சன், மோனஹன் ஆகியோர் மூலத்தை மேலும் நன்றாக ஆராய்ந்து புதிய திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அறிஞர்கள் அதன் செம்மையை மெச்சினார்கள். சபைகள் பெரும்பாலும் பவரோடேயே நின்றுவிட்டன. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து, வடசொற்களைக் குறைத்து, இக்காலத் தமிழில் ஆக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. அதில் பொருள் தெளிவாக விளங்குகிறது, நடையும் இடறுவதில்லை. கத்தோலிக்க ஆலயங்களில் அதுவே ஒலிக்கிறது. தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்கள் பெரும்பாலானவற்றிலோ இன்றும் 1871ஆம் ஆண்டின் பாடமே வாசிக்கப்படுகிறது. ஓயா நகரத்தாரின் வழித்தோன்றல்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. அவர்களை மூடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஜனங்களின் செவி தள்ளிய ஒன்றை ஆராய்ச்சியும் தள்ளிவிட வேண்டுமென்பதில்லை. நாவலரை நவீன வசனநடையின் முன்னோடிகளுள் ஒருவரென்று பாடப்புத்தகங்கள் புகழ்கின்றன. அந்த வசனம் பழகிய களம் எதுவென்று கேட்டால், பெரியபுராண வசனத்துக்கும் பாலபாடத்துக்கும் முந்தி அவர் கையில் ஏழாண்டு இருந்த நூல் வேதாகமமே. சைவருக்கு அதைச் சொல்லக் கூச்சம், கிறிஸ்தவருக்கு அதைத் தேடச் சிரத்தையில்லை. 1850ஆம் ஆண்டின் யாழ்ப்பாணப் பாடத்தையும் 1871ஆம் ஆண்டின் பவர் பாடத்தையும், குறைந்தபட்சம் சங்கீதங்களையும் ஒரு சுவிசேஷத்தையுமாவது, எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, முகப்பிலே பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் பெயரையும் பவரோடு முத்தையா பிள்ளை பெயரையும் பொறித்து, நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றோ கிறிஸ்தவ இலக்கியச் சங்கங்களில் ஒன்றோ ஒரு நல்ல பதிப்பாக வெளியிட முன்வரவேண்டும்.